அன்பின்மை என்னும் குற்றம்: 1897ஆம் ஆண்டுப் பிளேக்கும் புனே இதழ்களும்

1897 ஆகஸ்ட் முதல் வாரத்தில் பம்பாய் நாளிதழ்களில் ஒரு மன்னிப்புக் கடிதம் வெளிவந்தது. எழுதியவர் கோபால கிருஷ்ண கோகலே. வயது 31, புனே பெர்குசன் கல்லூரிப் பேராசிரியர். இந்தியாவின் செலவினங்களை ஆராய்ந்த வெல்பி ஆணையத்தின் முன் இங்கிலாந்தில் சாட்சியம் அளித்துவிட்டு அப்போதுதான் கப்பலிலிருந்து இறங்கியிருந்தார். ஒரு மாதத்துக்கு முன் ‘மான்செஸ்டர் கார்டியன்’ இதழுக்கு அளித்த பேட்டியில், புனேயில் பிளேக் தடுப்புப் பணிக்கு அனுப்பப்பட்ட பிரிட்டிஷ் படைவீரர்கள் இரண்டு பெண்களை வன்புணர்ந்தனர் என்றும் அவர்களுள் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார் என்றும் அவர் கூறியிருந்தார். அதை மெய்ப்பிக்கத் தம்மால் இயலவில்லை என்று கடிதத்தில் ஒப்புக்கொண்டு, ஆளுநரிடமும் பிளேக் குழுவினரிடமும் படைவீரர்களிடமும் நிபந்தனையற்ற மன்னிப்புக் கோரினார்.

அதே வாரத்தில் பால கங்காதர திலகர் பிணை கோரிக் காத்திருந்தார். ‘கேசரி’யில் வெளிவந்த எழுத்துகளுக்காக அவர்மீது அரசத்துரோக வழக்குத் தொடரப்பட்டிருந்தது. மிதவாதி பணிந்தார், தீவிரவாதி சிறை சென்றார் என்று பாடநூல்கள் இந்த இரு நிகழ்ச்சிகளையும் எதிரெதிராக நிறுத்திக் கடந்துவிடுகின்றன. தேசிய இயக்க வரலாற்றுக்கு அந்த அளவு போதுமாயிருக்கலாம். கொள்ளைநோய்க் காலத்தில் செய்தி எப்படி உருவாகிறது, எப்படிச் சரிபார்க்கப்படுகிறது, எதற்காகத் தண்டிக்கப்படுகிறது என்ற கேள்விகளோடு அணுகினால், அவ்வாண்டு வேறொரு வரலாற்றைச் சொல்கிறது.

நோய் முதலில் தென்பட்டது பம்பாயில். 1896 செப்டம்பரில், துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வி பகுதியில், தானியக் கிடங்குகளுக்கு நடுவே நெரிசலாக அமைந்த வீடுகளில் சிலர் இறந்தனர். கோவாவைச் சேர்ந்த மருத்துவர் அக்காசியோ வியேகாஸ் இது பிளேக் என்று அறிந்து நகராட்சி நிலைக்குழுவில் அறிவித்தார். அந்தச் சொல்லை உச்சரிக்க அதிகாரிகளுக்குத் தயக்கம் இருந்தது. நெறிக்கட்டியுடன் கூடிய காய்ச்சல் என்று சுற்றிவளைத்தார்கள். தயக்கத்துக்குக் காரணம் மருத்துவ ஐயம் மட்டும் அன்று. பம்பாய் பேரரசின் வணிகத் தலைவாசல். ‘பிளேக்’ என்ற சொல் அச்சேறிய கணத்தில் ஐரோப்பியத் துறைமுகங்கள் கதவடைக்கும் என்பதை எல்லோரும் அறிந்திருந்தனர். அப்படித்தான் நடந்தது. 1897 தொடக்கத்தில் வெனிஸில் கூடிய பன்னாட்டுச் சுகாதார மாநாடு இந்தியக் கப்பல்கள் பற்றிய கவலையிலேயே மூழ்கியது. நோய்க்கு எந்தப் பெயரை இடுவது என்பது அங்கே வணிகக் கேள்வியாகவும் இருந்தது; பெயரை அச்சிடும் இதழாளன் அந்தக் கேள்விக்குள் தன்னை அறியாமலே நுழைந்துவிடுகிறான்.

அதிகாரம் சொல்லத் தயங்கிய இடைவெளியை வதந்தி நிரப்பியது. மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்படுவோர் உயிரோடு திரும்புவதில்லை, அங்கே நஞ்சிடுகிறார்கள், உடலிலிருந்து ‘மோமியாய்’ என்ற மருந்துத் தைலம் எடுக்கிறார்கள் என்றெல்லாம் பேச்சு. பம்பாயில் விக்டோரியா அரசியின் சிலைக்கு 1896இல் யாரோ தார் பூசிச் செருப்பு மாலை அணிவித்திருந்தனர். அந்த அவமதிப்புக்கு ஈடாகக் குடிமக்களின் இதயங்களை அரசி கேட்கிறார் என்று ஒரு கதை. அக்டோபர் இறுதியில் ஆலைத் தொழிலாளர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர் ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கினர். இவற்றைப் பாமரரின் மூடநம்பிக்கை என்று ஆங்கிலோ-இந்திய இதழ்கள் எள்ளி ஒதுக்கின. ஆயினும் அந்த மருத்துவமனைக்குச் சென்றவர்களில் மிகப் பலர் உண்மையிலேயே இறந்தனர். சாகும் தறுவாயில்தான் அவர்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள் என்பதும் பிளேக்குக்கு அப்போது மருந்தில்லை என்பதும் வேறு. வதந்தியின் காரணகாரியம் பொய். அது சுட்டிய இறப்பு மெய்.

மொழியியல் நோக்கில் இங்கே கவனிக்க ஒன்று உண்டு. தமிழில் ‘நஞ்சிட்டார்கள்’ என்பதற்கும் ‘நஞ்சிட்டார்களாம்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் குழந்தையும் அறியும். ‘ஆம்’ என்ற இடைச்சொல், இது நான் கண்டதன்று, பிறர் சொல்லக் கேட்டது என்று கேட்பவருக்கு உணர்த்திவிடுகிறது. மராத்தியில் அதே வேலையை ‘ம்ஹணே’ என்ற சொல் செய்கிறது. வாக்கியத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, செய்தியின் பொறுப்பைப் பேசுபவரின் தோளிலிருந்து சற்றே இறக்கிவைக்கும் சொல். பம்பாய் அரசு வாரந்தோறும் இந்திய மொழி இதழ்களிலிருந்து பகுதிகளைத் தேர்ந்து ஆங்கிலத்தில் சுருக்கி, அதிகாரிகளின் பார்வைக்கென அச்சிட்டது. மொழிபெயர்த்துச் சுருக்கும்போது முதலில் உதிரக்கூடியவை இத்தகைய சொற்களே. வதந்தியை நிகழ்வாக எழுதுவது ஒன்று. வதந்தி உலவுகிறது என்பதை நிகழ்வாக எழுதி, அரசே விளக்கம் தா என்று கேட்பது வேறு. ஆங்கிலச் சுருக்கத்தை மட்டும் படித்த ஓர் அதிகாரிக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றியிருக்க வாய்ப்புண்டு. அந்தச் சுருக்கத் தொகுதிகளை வைத்தே இன்றும் ‘உள்நாட்டு இதழ்களின் நிலைப்பாடு’ என்று ஆய்வேடுகள் எழுதப்படுகின்றன என்பது வருத்தத்துக்குரியது.

1897 பிப்ரவரி 4 அன்று தொற்றுநோய்ச் சட்டம் நிறைவேறியது. நான்கே பிரிவுகள். தேவையென அரசு கருதும் எந்த நடவடிக்கைக்கும் அதிகாரம். மீறுவோருக்குத் தண்டனைச் சட்டத்தின் 188ஆம் பிரிவு. இச்சட்டத்தின் கீழ் நல்லெண்ணத்துடன் செயல்படுவோர்மீது வழக்குத் தொடர இயலாது என்ற பாதுகாப்பு. இந்தக் கடைசிப் பிரிவே புனேயின் கதைக்குத் திறவுகோல். அத்துமீறல் நடந்தால் நீதிமன்றத்தின் கதவு ஏறத்தாழ அடைபட்டிருந்தது. எஞ்சியவை இரண்டு வழிகள்: அத்துமீறியவரின் மேலதிகாரியிடமே முறையிடுவது, அல்லது இதழில் எழுதுவது.

புனேயில் நோய் கடுமையானபோது, வால்டர் சார்லஸ் ராண்ட் என்ற குடிமைப்பணி அதிகாரியின் தலைமையில் பிளேக் குழு அமைக்கப்பட்டது. மார்ச் 13 அன்று வீட்டுச் சோதனை தொடங்கியது. அதற்கு மூன்று நாள் முன்னர்தான், நோயாளிகளைத் தூக்கிச் சுமந்து பணியாற்றிய சாவித்திரிபாய் பூலே அதே நோயால் இறந்திருந்தார். நூற்றுக்கணக்கான படைவீரர்கள் தெருத் தெருவாக வீடுகளுக்குள் புகுந்தனர். நோயாளிகள் மருத்துவமனைக்கும், உடனிருந்தோர் நகருக்கு வெளியே அமைந்த தனிமை முகாமுக்கும் அனுப்பப்பட்டனர். தரை தோண்டப்பட்டது, பொருள்கள் எரிக்கப்பட்டன, பூசை அறையும் அடுக்களையும் விலக்கல்ல. மே மாதத்தின் பிற்பகுதிவரை இது நீண்டது. படையினர் பொதுவாக நன்னடத்தையுடன் இருந்தனர் என்பதே குழுவின் நிலை.

இந்தக் காலத்தில் ‘கேசரி’ எழுதியதை முழுமையாகப் படிப்போருக்கு முதலில் வியப்பே ஏற்படும். திலகரை நோய்த்தடுப்பின் எதிரியாக மட்டுமே அறிந்தவர்கள் அங்கே வேறொருவரைச் சந்திக்கிறார்கள். நோயாளியை மறைக்காதீர், பிரித்து வைத்தல் தேவை, ஒத்துழையுங்கள் என்று அவ்விதழ் மக்களை வற்புறுத்தியது. ஊரைவிட்டு ஓடிய நகரப் பெரியவர்களைத் திலகர் கடிந்தார். தாம் ஊரிலேயே இருந்தார். இந்துக்களுக்கெனத் தனி பிளேக் மருத்துவமனை அமைய முன்னின்றார். பிரித்து வைத்தல் என்ற கொள்கையை ஏற்று, அதைச் செயற்படுத்த படைவீரரை அனுப்பிய முறையைக் கண்டித்த நிலைப்பாடு அது. வாரங்கள் செல்லச் செல்லக் கண்டனத்தின் சூடு ஏறியது. ‘மராட்டா’ என்ற அவரது ஆங்கில வார இதழ், நகரை ஆளும் மனிதர்களைவிட நோயே இரக்கமுடையது என்ற அளவுக்குப் போனது. மராத்தியில் நெருப்பும் ஆங்கிலத்தில் நிதானமும் காட்டினார் என்று பொதுவாகச் சொல்லப்படுவதற்கு இது சற்று முரணானது.

புனே இதழ்களின் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. பூசை அறைக்குள் காலணியோடு புகுந்ததும் உயர்சாதி மகளிரின் மானத்துக்கு நேர்ந்த இழுக்கும் பத்தி பத்தியாக எழுதப்பட்டன. நெரிசலான பகுதிகளில் வாழ்ந்த ஒடுக்கப்பட்ட சாதியினர் முகாமில் என்ன ஆனார்கள் என்பதற்கு அந்த அளவு இடம் கிடைக்கவில்லை. யாருடைய துன்பம் செய்தியாகிறது என்பதும் துல்லியத்தைச் சேர்ந்த கேள்விதான். எழுதப்பட்ட ஒவ்வொரு வரியும் உண்மையாக இருந்தும் மொத்தச் சித்திரம் கோணலாகலாம்.

மே மாதத்தில் பண்டித ரமாபாய் ‘பாம்பே கார்டியன்’ இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். பிளேக் மருத்துவமனையிலும் முகாமிலும் பெண்கள் நடத்தப்பட்ட விதம் பற்றியது. தமது இல்லத்தைச் சேர்ந்த பெண் ஒருவருக்கு நேர்ந்த கேட்டையும் அதில் குறிப்பிட்டார். எழுதியவர் கிறித்தவர், அரசுக்கு வேண்டாதவர் என்ற பட்டியலில் இல்லாதவர், தம் பெயரையிட்டே எழுதியவர். ஆளுநர் சாண்ட்ஹர்ஸ்ட் அதையும் மறுத்தார். இக்கடிதத்தின் எதிரொலி இங்கிலாந்து நாடாளுமன்றம்வரை கேட்டது. பெண்களின் பாதுகாப்புப் பற்றிய முறையீடு வைதிகரின் கட்டுக்கதை அன்று என்பதற்கு இதைவிட வலுவான சான்று அப்போது இல்லை.

ஜூன் 22 இரவு, விக்டோரியா அரசியின் வைரவிழா விருந்து முடிந்து கணேஷ்கிண்ட் ஆளுநர் மாளிகையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ராண்டும் அயர்ஸ்ட் என்ற படை அதிகாரியும் சுடப்பட்டனர். அயர்ஸ்ட் அங்கேயே இறந்தார். ராண்ட் ஜூலை 3 அன்று இறந்தார். சுட்டவர்கள் சாபேகர் சகோதரர்கள் என்பது பின்னரே தெரியவந்தது. அந்த இடைவெளியில், கையைத் தூண்டிய பேனா எது என்ற தேடலை ஆங்கிலோ-இந்திய இதழ்கள் தொடங்கிவிட்டன.

கோகலேயின் பேட்டி வெளியானது இந்த நேரத்தில்தான். அவர் புனேயில் எதையும் கண்டவர் அல்லர். சோதனை நடந்த மாதங்களில் இங்கிலாந்தில் இருந்தார். அவருக்குக் கிடைத்தவை நண்பர்களின் கடிதங்கள். எழுதியோர் நம்பத்தக்கவர்கள், ஆனால் அவர்களிலும் எத்தனை பேர் கண்டவர்கள், எத்தனை பேர் கேட்டவர்கள் என்பதை ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் பிரித்தறிய அவரிடம் வழியில்லை. பேட்டியிலோ தொகை ‘இரண்டு’ என்று திட்டமாக வந்தது. தற்கொலையும் திட்டமாக வந்தது. கடிதங்களில் ஒருகால் இருந்திருக்கக்கூடிய ‘ம்ஹணே’ ஆங்கிலப் பேட்டியில் இல்லை.

நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. இந்தியா அமைச்சர் ஜார்ஜ் ஹாமில்டன் பம்பாய் ஆளுநரைக் கேட்டார். ஆளுநரின் மறுப்பு தந்தியில் வந்தது. பெயர்களைக் கொடு என்று கோகலேயை நோக்கி விரல்கள் நீண்டன. நாடு திரும்பியதும் கடிதம் எழுதியவர்களைச் சந்தித்தார். ராண்ட் கொலைக்குப் பின் புனேயில் கூடுதல் காவற்படை நிறுத்தப்பட்டு, அதன் செலவும் நகரத்தார்மீது சுமத்தப்பட்டிருந்தது. சோதனைக் காலத்தில் தொண்டராக உடன் சென்று முறையீடுகளைக் குழுவிடம் கொண்டுசேர்த்த நாதூ சகோதரர்கள், 1827ஆம் ஆண்டின் 25ஆம் ஒழுங்குமுறையின்கீழ் விசாரணையின்றிச் சிறைவைக்கப்பட்டிருந்தனர். முறையிட்டவர்களின் கதி இதுவென்று கண்ட ஊரில் எவர் முன்வந்து சாட்சி சொல்வார்? அந்தப் பெண்களின் குடும்பம் எதுவோ, அது ஏன் வாய் திறக்க வேண்டும்? எவரும் முன்வரவில்லை. கோகலே தம் தகவலாளர்களின் பெயர்களை வெளியிடவில்லை. மன்னிப்பை மட்டும் வெளியிட்டார்.

இதைக் கோழைத்தனம் என்றவர்கள் அன்றும் பலர். அக்கணிப்பு நியாயமானதன்று. தகவல் தந்தவரைக் காப்பது, மெய்ப்பிக்க இயலாததைத் திரும்பப் பெறுவது என்ற இரண்டையும் அவர் ஒருசேரச் செய்தார்; பழி முழுவதையும் தாமே ஏற்றார். இதழியல் அறம் என்று இன்று வகுப்பறைகளில் கற்பிக்கப்படுவதன் இரு தூண்கள் அவை. குறை வேறிடத்தில் இருக்கிறது. திருத்தத்தின் அளவு பிழையின் அளவைத் தாண்டிவிட்டது. மெய்ப்பிக்க முடியாதது ஒரு குறிப்பிட்ட குற்றச்சாட்டு. மன்னிப்போ படைவீரர் அனைவருக்கும், முழு நடவடிக்கைக்கும் நற்சான்றிதழாக வாசிக்கப்பட்டது. ரமாபாயின் கடிதமும், நாதூ சகோதரர்கள் கொண்டுசென்ற முறையீடுகளும், பெயரற்ற நூறு சிறிய புகார்களும் அந்த ஒரு மன்னிப்பின் அடியில் புதைந்தன. சரிபார்க்கப்படாத ஒரு பெரிய செய்தி, சரிபார்க்கப்படக்கூடிய பல சிறிய செய்திகளைக் கொன்றுவிட்டது.

திலகரின் வழக்கு செப்டம்பர் 8 அன்று பம்பாய் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆர்தர் ஸ்ட்ரேச்சி முன் தொடங்கியது. குற்றச்சாட்டு எதன்மீது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. படைவீரர் நடத்தை பற்றிய எந்தச் செய்தியும் அதில் இல்லை. ஜூன் 15 ‘கேசரி’யில் வெளியான இரண்டு உருப்படிகளே குற்றச்சாட்டின் அடிப்படை: சிவாஜி விழா நடவடிக்கைகளின் தொகுப்பு, சிவாஜி விழித்தெழுந்து நாட்டின் நிலைகண்டு வருந்துவதாக அமைந்த ஒரு கவிதை. பஞ்சமும் நோயும் சாவும் நாட்டில் உலவுவதாகக் கவிதை புலம்புவதுதான் பிளேக்குக்கும் வழக்குக்கும் இருந்த நேரடித் தொடர்பு. நான்கு மாதக் கொள்ளைநோய்ச் செய்திகளில் எது மெய், எது மிகை என்று நீதிமன்றத்தில் ஒருநாளும் சோதிக்கப்படவில்லை. 124ஏ பிரிவுக்கு அந்தக் கேள்வியே தேவையில்லை. எழுதியது உண்மை என்பது அரசத்துரோகத்துக்கு எதிர்வாதம் ஆகாது. வாசகர் மனத்தில் அது எழுப்பும் உணர்ச்சி எது என்பதே அளவுகோல்.

அந்த உணர்ச்சிக்குச் சட்டம் இட்ட பெயர் ‘டிஸ்அஃபெக்‌ஷன்’. 1870இல் பிரிவு சேர்க்கப்பட்டபோதே ஒரு விளக்கமும் சேர்க்கப்பட்டிருந்தது: அரசின் நடவடிக்கைகளை ஏற்காமை குற்றமன்று, கீழ்ப்படியும் மனப்பாங்கோடு அது ஒத்துப்போகும்வரை. இரு சொற்களுக்கும் எல்லை எது? 1891இல் கல்கத்தாவில் ‘பங்கபாசி’ வழக்கில் தலைமை நீதிபதி பெதரம், அன்புக்கு எதிரானது, அதாவது வெறுப்பு என்று பொருள் கண்டார். ஸ்ட்ரேச்சி இன்னும் ஓர் அடி போனார். நடுவர்களுக்கு அளித்த விளக்கத்தில், அச்சொல் அன்பு இல்லாமையைக் குறிக்கும் என்றார். பகை, வெறுப்பு, இகழ்ச்சி, எல்லா வகையான தீய எண்ணமும் அதனுள் அடங்கும் என்றார்.

‘டிஸ்’ என்ற முன்னொட்டு இன்மையையும் குறிக்கலாம், எதிர்மறையையும் குறிக்கலாம். தமிழில் ‘அன்பின்மை’ வேறு, ‘பகை’ வேறு. அண்டை வீட்டாரிடம் அன்பில்லாத எவரும் பகைவராகிவிடுவதில்லை. மேலும், ஒரு சொல்லின் இன்றைய பொருள் அதன் உறுப்புகளைக் கூட்டி வருவதன்று. ஆங்கில அரசியல் வழக்கில் அச்சொல்லுக்கு நெடுங்காலமாகவே அரசுப் பற்றுறுதி இன்மை என்ற தனிப் பொருள் இருந்தது. ஸ்ட்ரேச்சி அகராதியைப் பிரித்தாரா, சொல்லைப் பிரித்தாரா என்று கேட்கத் தோன்றுகிறது. அரசின்பால் அன்பில்லாமையே குற்றமெனில், நோயுற்ற தாயை இழுத்துச் சென்றதை அப்படியே எழுதினாலும் குற்றம். அதைப் படித்து எவருக்கு அன்பு பிறக்கும்?

வழக்கு முழுவதும் மொழிபெயர்ப்பின்மீது நடந்தது என்பதும் மறக்கத்தக்கதன்று. மராத்திக் கவிதையின் சொற்கள் ஆங்கிலத்தில் என்ன ஆகும் என்பதில் வாதம் நிகழ்ந்தது. நடுவர்கள் ஒன்பது பேர். ஆறு ஐரோப்பியர் குற்றவாளி என்றனர், மூன்று இந்தியர் இல்லை என்றனர். செப்டம்பர் 14 அன்று 18 மாதக் கடுங்காவல். மாக்ஸ் முல்லர் உள்ளிட்டோர் விண்ணப்பித்ததன் பின் ஓராண்டில் திலகர் விடுவிக்கப்பட்டார். 1908இல் மீண்டும் அரசத்துரோக வழக்கைச் சந்தித்தபோது அவர் தாமே வாதிட்டார். மொழிபெயர்ப்பாளரைச் சொல் சொல்லாகக் குறுக்கு விசாரணை செய்தார். முதல் வழக்கு கற்றுக்கொடுத்த பாடமாக இருக்கலாம்.

தீர்ப்போடு முடிந்திருந்தால் இது ஒரு மனிதரின் கதை. 1898ஆம் ஆண்டின் 4ஆம் சட்டம் தண்டனைச் சட்டத்தைத் திருத்தியது. பற்றுறுதியின்மையும் எல்லாப் பகையுணர்ச்சிகளும் ‘டிஸ்அஃபெக்‌ஷனில்’ அடங்கும் என்று 124ஏ விரிந்தது. வகுப்புகளுக்கிடையே பகை வளர்ப்பது பற்றிய 153ஏ புதிதாகப் பிறந்தது. இவ்விரண்டும் பலரறிந்தவை. மூன்றாவதான 505ஆம் பிரிவை இதழியல் வரலாற்றாளர்கள் அதிகம் தொடுவதில்லை. 1860ஆம் ஆண்டு மூலத்தில், பொய் என்று தெரிந்தே ஒரு கூற்றையோ வதந்தியையோ அறிக்கையையோ பரப்புவதுதான் குற்றம். பொய் என்பதையும் அது தெரிந்திருந்தது என்பதையும் அரசு தரப்பு நிறுவ வேண்டும். 1898 திருத்தம் ‘பொய் என்று தெரிந்தே’ என்ற தொடரை நீக்கியது. உண்மை கடைசியில் ஒரு விதிவிலக்காக ஒதுங்கியது: உண்மை என்று நம்புவதற்குத் தக்க காரணம் இருந்து, தீய நோக்கமும் இல்லையெனில் குற்றமாகாது. வாசலில் இருந்த உண்மை கொல்லைப்புறத்துக்கு அனுப்பப்பட்டது. திருத்தப்பட்ட 124ஏ பிரிவுதான் பத்து ஆண்டு கழித்துத் தூத்துக்குடியில் வ.உ. சிதம்பரனாரையும் சுப்பிரமணிய சிவாவையும் தேடி வந்தது.

பிளேக்கைப் பற்றி அரசு அன்று சொன்னது எவ்வளவு சரி? நோய் மண்ணிலும் அழுக்கிலும் குடியிருக்கிறது என்று நம்பித்தான் தரைகள் தோண்டப்பட்டன. எலியின் தெள்ளுப்பூச்சி நோயைக் கடத்துகிறது என்று பால்-லூயி சிமோன் 1898இல் கராச்சியில் சோதித்துச் சொன்னார். ஐரோப்பிய அறிஞர்கள் நெடுநாள் ஏற்கவில்லை. ஆட்களை விரட்டிப் பிடித்த அந்த மாதங்களில் எலிகள் வீட்டுக்கு வீடு தாராளமாக உலவின. அரசின் அறிவியல் விளக்கத்தை மட்டும் வெளியிட்ட இதழும் நல்லெண்ணத்தோடே பிழையை வெளியிட்டது. எதிர்த்திசையிலும் எடுத்துக்காட்டு உண்டு. 1902 அக்டோபரில் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் ஹாஃப்கினின் பிளேக் தடுப்பூசி போட்டுக்கொண்ட 107 பேரில் 19 பேர் இசிவுநோயால் இறந்தனர். அந்தப் 19 பேரும் ஒரே புட்டியிலிருந்து ஊசி பெற்றவர்கள். பழி ஹாஃப்கின்மீது விழுந்தது. புட்டியைத் திறந்தபோது நேர்ந்த தூய்மைக் குறைவே காரணம் என்ற உண்மை நிலைபெற, 1907இல் ரொனால்ட் ராஸ் முதலானோர் லண்டன் ‘டைம்ஸ்’ இதழுக்கு எழுத வேண்டியிருந்தது. ஐந்து ஆண்டு தாமதம்.

கட்டாயச் சோதனை நெடுநாள் நிலைக்கவில்லை. 1898 மார்ச்சில் பம்பாயில் கலவரம் வெடித்தது. அதன்பின் படிப்படியாக அரசு பின்வாங்கி, வற்புறுத்தலைவிட இணக்கத்தை நாடியது. இதழ்கள் ஓராண்டுக்கு முன் கேட்டதும் ஏறத்தாழ அதுதான்.

2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது மாநிலங்கள் முதலில் எடுத்த ஆயுதம் அதே 1897ஆம் ஆண்டுச் சட்டம். மார்ச் 31 அன்று, புலம்பெயர் தொழிலாளர்கள் சாரிசாரியாக நடந்து ஊர் திரும்பியது பற்றிய வழக்கில், ஊரடங்கு மூன்று மாதம் நீடிக்கும் என்ற பொய்ச் செய்தியே பெருமளவு இடப்பெயர்வுக்குக் காரணம் என்ற அரசின் விளக்கத்தை உச்சநீதிமன்றம் ஏற்றது; பெருந்தொற்றைப் பற்றிய விவாதத்தில் தலையிடவில்லை என்று சொல்லி, நிலவரம் குறித்த அதிகாரபூர்வத் தகவலை ஊடகங்கள் குறிப்பிட்டு வெளியிட வேண்டும் என்றது. வேலையும் கூலியும் வாடகைக்குப் பணமும் இல்லாமற்போனதற்கு வதந்தி தேவைப்பட்டிருக்குமா என்பது வேறு கேள்வி. 2021 ஏப்ரலில் குஜராத்தி நாளிதழான ‘சந்தேஷ்’ தன் செய்தியாளர்களைப் பிணவறை வாசலிலும் சுடுகாடுகளிலும் நிறுத்தி உடல்களை எண்ணச் செய்தது. அரசுக் கணக்குக்கும் அந்த எண்ணிக்கைக்கும் இடையே பெரும் இடைவெளி இருந்தது. உரைநடையில் நெருப்பில்லை, அடைமொழி குறைவு, எண்ணிக்கை மட்டுமே. 1897இல் கோகலேயிடம் இல்லாதது இதுதான்: களத்தில் நின்று எண்ணிய ஒருவர்.

124ஏ பிரிவுக்கு ஸ்ட்ரேச்சி தந்த பொருளை 1947இலும் பிரிவி கவுன்சில் ஆதரித்தது. 1962இல் கேதார்நாத் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் அதை வன்முறைத் தூண்டல் என்ற எல்லைக்குள் சுருக்கியது. 2022 மே மாதம் அப்பிரிவின் செயற்பாட்டை நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 505ஆம் பிரிவின் இடத்தில் 353ஆம் பிரிவு இருக்கிறது. 1898இல் நீக்கப்பட்ட ‘பொய்’ என்ற சொல் அதில் திரும்பி வந்திருக்கிறது: கூற்று, பொய்த் தகவல், வதந்தி அல்லது அறிக்கை என்று வரிசை அமைகிறது. இலக்கணப்படி அந்த அடை ‘தகவல்’ என்ற ஒரு சொல்லோடு மட்டும் நிற்கிறது. அதற்கு முன்னுள்ள கூற்றும், பின்னுள்ள வதந்தியும் அறிக்கையும் பொய்யாக இருக்க வேண்டிய தேவை இன்னும் இல்லை.